ஸ்லைடு எந்த விரலுக்கு?

நான் கிட்டாரில் ஸ்லைடு (தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்க விரலில் மாட்டும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய்) வாசிக்கத் தொடங்கியபோது அதை மோதிரவிரலில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் மோதிரவிரலில்தான் மாட்டியிருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் என்னிடம் இருக்கவில்லை. கோரிசிடின் என்ற சளி மாத்திரையை அடைத்து விற்ற சிறு கண்ணாடிக் குப்பியை விரலில் செருகிக்கொண்டு அவர் வாசித்த விதம், 1971இல் தம் 24ஆம் வயதில் அவர் இறந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும், ஸ்லைடு பழக வருகிறவர்களை அந்த விரலை நோக்கியே இழுக்கிறது. நானும் அப்படி இழுக்கப்பட்டவன்தான். நான்கு ஆண்டுகள் அந்த விரலிலேயே வாசித்துவிட்டுப் பிறகு சுண்டுவிரலுக்கு மாறினேன். அந்த மாற்றம் கைவர எட்டு மாதங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை பழைய விரலுக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்து, இரண்டு வாரத்தில் மீண்டும் மனம் மாறினேன். இப்போது இதே கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஸ்லைடு மாட்டாத விரல்களுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள்?

இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட மூத்தவர். கிட்டாரிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். ஒருநாள் நான் மெதுவான ஒரு மெட்டை ஸ்லைடில் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சுருதி சரியாத்தான் நிக்குது தம்பி. ஆனா பின்னாடி கூடவே ஒருத்தர் பாடிக்கிட்டு இருக்காரே, அது யாரு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இல்லண்ணே, ஒரே தந்தியத்தான் மீட்டினேன்" என்றேன். அவர் எழுந்து வந்து, மூன்றாம் தந்தியில், நெக் என்ற கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளில் 5ஆவதின் மேல் ஸ்லைடை வைக்கச் சொன்னார். என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியைத் தொடாமல் காற்றில் நின்றுகொண்டிருந்தன. மீட்டினேன். பிறகு அவர் தம் விரல் ஒன்றை, ஸ்லைடுக்கும் நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் பட்டை) இடையில் இருந்த தந்தியின் மேல் மெல்ல வைத்து, மறுபடியும் மீட்டச் சொன்னார். முதல்முறை ஒலித்த சுரத்தோடு சேர்ந்து, விசில் போல மெலிந்த உயரமான ஒலி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது என்பதை, இரண்டாம் முறை அது இல்லாமல் போனபோதுதான் உணர்ந்தேன். நான்கு ஆண்டுகளாக என் வாசிப்பில் அது இருந்திருக்கிறது.

காரணம் எளிது. விரலால் அழுத்தும்போது தந்தி ஃப்ரெட்டின் மேல் இறுகப் படிகிறது. நட் பக்கம் இருக்கும் மிச்சத் தந்தியின் மேல் விரலின் சதையே கிடப்பதால் அங்கே ஒலி எழுவதில்லை. ஸ்லைடோ தந்தியை அழுத்துவதில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கிறது. ஆகவே தந்தி அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, பிரிட்ஜ் (கிட்டார் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்துத் துண்டு நாம் விரும்பும் சுரத்தைத் தர, நட் பக்கத்துத் துண்டும் தன் பங்குக்கு அதிர்கிறது. 5ஆம் ஃப்ரெட்டில் ஸ்லைடு இருக்கும்போது நட் பக்கம் தந்தியின் நீளத்தில் கால்பங்கு இருக்கும். எனவே அது திறந்த (எதுவும் தொடாத) தந்தியின் சுரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 7ஆம் ஃப்ரெட்டில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அங்கே ஒலிப்பது ஒரு ஸ்தாயி மேலே உள்ள பஞ்சமம். 12ஆம் ஃப்ரெட்டில் தந்தி சரிபாதியாகப் பிரிவதால் இரண்டு பக்கமும் ஒரே சுரம். தொடக்கத்தில் பெரும்பாலோர் 12ஆம் ஃப்ரெட்டைச் சுற்றியே பயிற்சி செய்வதால், இந்தக் கூடுதல் ஒலி அவர்கள் காதில் விழாமலே போய்விடுகிறது. எனக்கும் அதுதான் நடந்தது. ஸ்லைடை நகர்த்தும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது: முன்பக்கத்துச் சுரம் ஏற ஏற, பின்பக்கத்துச் சுரம் இறங்கிக்கொண்டு வருகிறது.

இந்த ஒலியை வலக்கையால் நிறுத்த முடியாது. வலக்கை தந்தியைத் தொட்டால் நாம் கேட்க விரும்பும் சுரமே செத்துவிடும். மீட்டாத தந்திகளை அடக்குவது வலக்கையின் வேலை. மீட்டிய தந்தியின் பின்பாதியை அடக்குவது, ஸ்லைடுக்குப் பின்னால் கிடக்கும் இடக்கை விரல்களின் வேலை. ஸ்லைடு சுண்டுவிரலில் இருந்தால் பின்னால் மூன்று விரல்கள் இருக்கும். மோதிரவிரலில் இருந்தால் இரண்டு, நடுவிரலில் இருந்தால் ஒன்று, ஆள்காட்டி விரலில் இருந்தால் எதுவுமே இல்லை. எந்த விரல் என்ற கேள்வியில் பாதி இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஸ்லைடு என்பதையே விரலில் மாட்டும் குழாயாக நினைத்துப் பழகிவிட்டதால், அதை ஏன் மாட்டுகிறோம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அது எல்லாக் காலத்திலும் மாட்டும் பொருளாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவாயில் ஜோசப் கெகுகு எஃகுத் துண்டைக் கையில் பிடித்தே தந்திகளின் மேல் வழுக்கினார். மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், 1903ஆம் ஆண்டுவாக்கில், ஒருவர் கிட்டார் தந்திகளின் மேல் கத்தியை வைத்து வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பிற்காலத்தில் எழுதினார். கத்தியைப் பிடித்த கையில் வேறு விரலுக்கு வேலை கொடுப்பது கடினம். புட்டியின் கழுத்தை அறுத்து ஒரே விரலில் மாட்டிக்கொண்டபோது மற்ற விரல்கள் விடுதலை பெற்றன. அந்த விடுதலையை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் விரலைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோலாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

மோதிரவிரலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. நீளமான விரல் என்பதால் ஆறு தந்திகளையும் சிரமமில்லாமல் எட்டும். இருபுறமும் விரல்கள் இருப்பதால் ஸ்லைடு ஆடாமல் நிற்கும். கையைத் தளர்வாக நெக்கின் மேல் கொண்டுவந்தாலே ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு ஏறக்குறைய இணையாக வந்து அமர்ந்துவிடும். மற்ற விரல்களில் இந்த நிலையைப் பழகித்தான் பெற வேண்டும். பின்னால் இருக்கும் இரண்டு விரல்களும் தந்திகளின் மேல் படுத்துக்கிடக்கப் போதுமானவை. ஒன்பது வயதில் வாசிக்கத் தொடங்கிய டெரெக் டிரக்ஸ், ஓப்பன் ஈ ட்யூனிங்கில் (விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, கிடைக்கும் சுருதியமைப்பு), பிக் என்ற மீட்டும் வில்லை இல்லாமல் வெறும் விரல்களால் மீட்டி, மோதிரவிரலில் கண்ணாடி ஸ்லைடோடு வாசிப்பதைக் கேட்டவர்கள், இந்த விரலால் ஆகாதது ஏதாவது இருக்கிறதா என்றே நினைப்பார்கள். மனிதக் குரலுக்கு அவ்வளவு அருகில் ஒரு கிட்டார் போவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. முழுக்க முழுக்க ஸ்லைடிலேயே மெட்டு வாசிக்கிறவருக்கு, அதுவும் ஓப்பன் ட்யூனிங்கில் வாசிக்கிறவருக்கு, மோதிரவிரலே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் என் தேவை அதுவாக இருக்கவில்லை. நான் பாட்டுக்குப் பக்கத்துணையாக வாசிப்பவன். ஒரு வரிக்கு கார்டு பிடித்து, அடுத்த இடைவெளியில் ஸ்லைடில் இரண்டு சுரம் இழுத்து, உடனே மறுபடியும் கார்டுக்குத் திரும்ப வேண்டும். மோதிரவிரலில் ஸ்லைடு இருந்தால் கார்டுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் உண்மையில் உதவுகின்றன. ஸ்லைடைத் தாண்டி அந்தப்பக்கம் நிற்கும் சுண்டுவிரலை நான் பல விதங்களில் பயன்படுத்திப் பார்த்தேன். கனமான குழாய் மாட்டிய பக்கத்து விரலை இழுத்துக்கொண்டுதான் அது அசைந்தது. இதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்துவைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். அது எழாது. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், பக்கத்து விரல் மடங்கியிருக்கும்போது மோதிரவிரலால் தனித்து இயங்க முடிவதில்லை. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நிமிர்வதற்கென்று தனித்தசை ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதே சோதனையைச் சுண்டுவிரலில் செய்தால் அது தடையில்லாமல் எழும்.

சுண்டுவிரலுக்குப் பலம் போதாது என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தக் கருத்தை நான் ஏற்பதில்லை. ஸ்லைடு வாசிப்பில் அழுத்தும் வேலையே கிடையாது; அழுத்தினால் தந்தி ஃப்ரெட்டில் இடித்துக் கடகடவென்று ஒலிக்கும். விரல் செய்ய வேண்டியது ஸ்லைடின் எடையைத் தாங்கிக்கொண்டு, தந்தியின் மேல் அதை மிதக்கவிடுவது மட்டும்தான். இதற்குத் தேவை பலமன்று, நிதானம். ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் சுண்டுவிரலில் குட்டையான உலோகக் குழாயை மாட்டிக்கொண்டு வாசித்தார். அவர் ஸ்லைடில் எழுந்த ஒலியைக் கேட்டு அது பலமில்லாத விரல் என்று யாரும் சொல்ல முடியாது. ஜானி வின்டர், ரை கூடர் ஆகியோரும் சுண்டுவிரல்காரர்களே.

உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் மற்ற மூன்றையும் விட்டு வெளிப்பக்கம் விலகி நிற்கும் இயல்புடையது. அதில் மாட்டிய ஸ்லைடின் நுனி தானாகவே பிரிட்ஜ் பக்கம் சாயும். நுனி தடித்த தந்திகளின் மேல் இருப்பதால், மெல்லிய தந்தியில் சுருதி சரியாக நிற்கும்போதே தடித்த தந்தியில் அது ஏறிவிடும். 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கிட்டாரில் 11ஆம் ஃப்ரெட்டுக்கும் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 19 மி.மீ. தூரம் இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் ஸ்லைடு 2 மி.மீ. சாய்ந்தாலே, அரைச்சுரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிசகிவிடுகிறது. தனித்தனியாக வாசித்தால் இது தெரியாமல் போகலாம். இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி அலையடிக்கும். சுண்டுவிரலுக்கு மாறிய முதல் மூன்று மாதங்கள் என்னை வாட்டியது இதுதான். நான் ஒருமுறை மோதிரவிரலுக்குத் திரும்பியதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய எனக்குப் பயன்பட்ட பயிற்சியை விவரமாகச் சொல்கிறேன். வழக்கமான சுருதியமைப்பான ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஒரே சுரத்தின் இரண்டு ஸ்தாயிகள். ஸ்லைடை 12ஆம் ஃப்ரெட்டின் கம்பிக்கு நேர்மேலே, ஆறு தந்திகளையும் தொடும்படி வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள நான்கு தந்திகளை வலக்கை விரல்களால் அடக்கி, ஓரத்துத் தந்திகள் இரண்டையும் ஒன்றாக மீட்ட வேண்டும். ஸ்லைடு சாய்ந்திருந்தால் இரண்டு சுரங்களுக்கும் நடுவே ஒரு நடுக்கம் கேட்கும். விரலை அசைக்காமல், முழங்கையை விலாவை நோக்கி மெல்லக் கொண்டுவந்து மணிக்கட்டைச் சிறிது திருப்பினால், அந்த நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் கை எப்படி இருக்கிறது என்று பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 7ஆம் ஃப்ரெட், 5ஆம் ஃப்ரெட், 3ஆம் ஃப்ரெட் என்று இறங்க வேண்டும். நட்டை நெருங்க நெருங்க முழங்கையின் கோணம் மாறுவதால், ஒவ்வொரு இடத்துக்கும் மணிக்கட்டின் திருப்பமும் மாறும். நாள்தோறும் பத்து நிமிடம் இதை மட்டும் செய்தேன். சுண்டுவிரலின் சாய்வை விரலால் திருத்த முயன்றவரை எனக்கு வலிதான் மிஞ்சியது. முழங்கையால் திருத்தத் தொடங்கிய பிறகே சுருதி நிலைபெற்றது.

மாறிய புதிதில் நான் செய்த இன்னொரு தவறு, மோதிரவிரலுக்கு வாங்கிய ஸ்லைடையே சுண்டுவிரலில் மாட்டியது. அதன் உள்விட்டம் 20 மி.மீ.; என் சுண்டுவிரலுக்கு 17 மி.மீ. போதும். இடைவெளியைத் துணிப்பட்டி சுற்றி அடைத்தேன். கை வியர்த்ததும் பட்டி நழுவியது. வைப்ராட்டோவுக்காக, அதாவது சுரத்தை நடுங்கவைக்க, கையை அசைத்தபோது ஸ்லைடு விரலிலிருந்து கழன்று தரையில் விழுந்து, விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. விளிம்பு உடைந்த கண்ணாடியைத் தந்தியின் மேல் வைக்கக் கூடாது. விரல் மாறினால் ஸ்லைடும் மாற வேண்டும். கையைக் கீழே தொங்கவிட்டு மெல்ல உதறினால் விழாமலும், மறுகையால் இழுத்தால் எளிதில் கழன்றும் வருமானால் அளவு சரி. எடையையும் பார்க்க வேண்டும்: ஒரே அளவுள்ள பித்தளை ஸ்லைடு கண்ணாடி ஸ்லைடைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கனக்கும். கனமான ஸ்லைடில் ஒலி நீண்டு நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும் சுண்டுவிரலில் பழகுகிறவர் தடித்த கண்ணாடியில் தொடங்குவது நல்லது. நீளமும் விரலைப் பொறுத்ததே. ஆறு தந்திகளையும் மூடும் ஸ்லைடு சுண்டுவிரலின் நடு மூட்டைத் தாண்டிப் போகும்போது விரலை மடக்க முடியாமல் போகும். கார்டு பிடிக்க அந்த மூட்டு மடங்க வேண்டும் என்றால், மூன்று நான்கு தந்திகளை மட்டும் மூடும் குட்டை ஸ்லைடே பொருத்தம்.

நடுவிரலைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. சில வாரங்களுக்கு மேல் அதில் வாசித்ததில்லை. கையின் நடுவில் இருப்பதால் அதில் ஸ்லைடு அசையாமல் நிற்கிறது, வைப்ராட்டோ மிகச் சீராக வருகிறது. பானி ரெயிட் அந்த விரலில்தான் மாட்டுகிறார். இசைத்தட்டுகளைக் கேட்டுத் தாமாகவே பழகியவர் அவர். அவர் வாசிப்பில் சுரங்கள் அவ்வளவு தெளிவாகக் கேட்பதை வைத்துப் பார்த்தால், பின்னால் ஒரே விரல் இருப்பதைக் குறை என்று சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆனாலும் அந்த ஒரே விரலை ஆறு தந்திகளின் மேலும் படுக்கவைத்து ஓயாமல் வைத்திருக்க வேண்டும். அது வேறு எதற்கும் எழ முடியாது. ஆள்காட்டி விரலில் மாட்டினால் பின்னால் அடக்குவதற்கு விரலே இல்லை. காயத்தாலோ பிறவியிலோ மற்ற விரல்களைப் பயன்படுத்த முடியாதவர்களைத் தவிர வேறு யாருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ட்யூனிங்கையும் விரலையும் தனித்தனியாக முடிவு செய்ய முடியாது. ஓப்பன் ட்யூனிங்கில் ஸ்லைடு தவறுதலாகப் பக்கத்துத் தந்தியைத் தொட்டாலும் அந்தச் சுரமும் அதே கார்டைச் சேர்ந்ததாக இருக்கும், காது மன்னித்துவிடும். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் மன்னிப்பு கிடையாது. அங்கே ஸ்லைடை நேராக வைத்தால் இரண்டாம், மூன்றாம், நான்காம் தந்திகளில் மட்டும் ஒரு மேஜர் கார்டு கிடைக்கும். அதற்கு வெளியே எந்தத் தந்தி சேர்ந்து ஒலித்தாலும் பொருந்தாமல் போகலாம். ஆகவே ஸ்டாண்டர்டிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு அடக்கும் விரல்களும் கார்டு பிடிக்கும் விரல்களும் கூடுதலாகத் தேவை. என்னைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளியதில் ட்யூனிங்கின் பங்கு பெரியது. இரண்டு கிட்டார் வைத்திருக்கும் வசதி இருந்து, ஒன்றை ஓப்பன் ட்யூனிங்கிலேயே விட்டுவைக்க முடிந்திருந்தால் நான் மோதிரவிரலிலேயே இருந்திருக்கவும் கூடும்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஸ்லைடு வாங்குவதற்கு முன் வெறுங்கையால் ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சுண்டுவிரலை நீட்டியபடி அதைப் பயன்படுத்தாமல் முழுப் பாடலையும் வாசியுங்கள். அடுத்த நாள் மோதிரவிரலை நீட்டிக்கொண்டு வாசியுங்கள். எந்தக் கார்டுகளை இழக்கிறீர்கள், எவற்றை வேறு விதமாகப் பிடிக்க முடிகிறது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஒரு கார்டும் தேவையில்லை, மெட்டு மட்டுமே வாசிப்பேன் என்பவர்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். எந்த விரலில் ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு இணையாக எளிதில் நிற்கிறதோ அதில் மாட்டிக்கொள்ளலாம்.

சுண்டுவிரலில் தங்கிவிடுவது என்று நான் முடிவு செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சானி லேண்ட்ரெத் சுண்டுவிரலில் ஸ்லைடை மாட்டிக்கொண்டு, அதற்குப் பின்னால் மற்ற விரல்களால் தந்தியை அழுத்தி வாசிப்பவர். அழுத்தப்பட்ட தந்தி கீழே தாழ்ந்து ஸ்லைடைத் தொடாமல் போவதால், அந்த ஒரு தந்தியில் மட்டும் விரல் வைத்த ஃப்ரெட்டின் சுரம் ஒலிக்கும். மற்றவற்றில் ஸ்லைடின் சுரம் தொடரும். பல மாதங்கள் முயன்றும் என் கையில் அது கடகடப்பாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு மாலையில் 12ஆம் ஃப்ரெட்டின் மேல் ஸ்லைடை மிதக்கவிட்டு, இரண்டாம், மூன்றாம், நான்காம் தந்திகளை ஒன்றாக மீட்டினேன். ஜி மேஜர் ஒலித்தது. அது அடங்குவதற்குள், ஸ்லைடை அசைக்காமல், இரண்டாம் தந்தியை 11ஆம் ஃப்ரெட்டில் மோதிரவிரலால் அழுத்தி மறுபடியும் மீட்டினேன். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் தந்திகளின் மேல் படுத்திருந்தன. விசில் ஒலி எழவில்லை. இரண்டு தந்திகள் இருந்த இடத்திலேயே நிற்க, ஒரு தந்தி மட்டும் அரைச்சுரம் இறங்கி, மேஜர் மைனராக மாறியது. விரலை எடுத்தேன், மேஜர். வைத்தேன், மைனர். கடகடப்பு ஒரு துளியும் இல்லை. இருட்டிய பிறகும் விளக்கைப் போடாமல் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன்.